கென்யாவில் சிங்கம் பார்க்காமல் ஊர் மட்டும் பார்க்கலாமா?

கேள்வி, 2024 பிப்ரவரி 10
ஜூனில் நானும் மனைவியும் பத்து நாள் கென்யா போகிறோம். விசாரித்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டுத்தான்: இறங்கியதும் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்கு வண்டி ஏறுங்கள், நைரோபியில் ஒரு மணி நேரம்கூட வீணாக்காதீர்கள். எனக்கோ காட்டுக்குள் ஜீப்பில் குலுங்குவதில் ஆர்வம் இல்லை. ஊர் சுற்றத்தான் பிடிக்கும். நகரங்களை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பைத்தியம் என்பார்களா?

பிப்ரவரி 10, இரவு
சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நான் திரும்பி வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஐம்பது நாள் இருந்துவிட்டு ஒரு சிங்கத்தைக்கூடப் பார்க்காமல் வந்திருக்கிறேன். தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் திருப்பதிக்குப் போய் மொட்டை மட்டும் போட்டுக்கொண்டு பெருமாளைச் சேவிக்காமல் வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள்.

மகள் நைரோபியில் வேலையில் இருக்கிறாள். நான் பொன்மலை ரயில்வே பணிமனையில் இருந்து ஓய்வு பெற்றவன். நைரோபி ரயில்வே பெற்ற பிள்ளை. அதனால் எனக்கு அந்த ஊர்மேல் ஒரு பாத்தியதை உண்டு. மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிக்குப் பாதை போட்டுக்கொண்டு வந்தவர்கள், மேலே மலையேறுவதற்கு முன் தளவாடங்களை இறக்கி வைக்கச் சமதளம் தேடினார்கள். 1899-இல் சதுப்பு நிலத்தில் ஒரு கிடங்கு போட்டார்கள். அதுதான் இன்றைய தலைநகரம்.

என் கணக்கு இது: நைரோபிக்கு ஒரு நாள், மீதி அத்தனையும் மொம்பாசாவுக்கு.

பிப்ரவரி 11
அந்த ஒரு நாளில் என்ன பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ரயில்வே அருங்காட்சியகம். வேறு எதையும் விட்டாலும் இதை விடாதீர்கள். (ரயில்வேக்காரன் வேறு எதைச் சொல்வான் என்று மனைவி பின்னாலிருந்து முணுமுணுக்கிறாள்.)

வெட்டவெளியில், புல்லுக்கு நடுவே 5918 நிற்கிறது. பெயர் மவுண்ட் கெலாய். கார்ரட் வகை நீராவி இன்ஜின். 1955-56-இல் செய்த 34 இன்ஜின்களில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு மலையின் பெயர். எடை 252 டன். நடுவில் கொதிகலன், முன்னும் பின்னும் தனித்தனியாகச் சக்கரத் தொகுதிகள். வளைவில் இடுப்பை ஒடித்துத் திரும்பும். மீட்டர் கேஜில் உலகிலேயே வலுவான நீராவி இன்ஜின் இந்த வகைதான். நம் ஊர் மீட்டர் கேஜ் இன்ஜின்களைத் தொட்டு வளர்ந்த எனக்கு, அதே அகலத் தண்டவாளத்தில் இப்படி ஒரு மலை ஓடியது என்பதை நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஏணியில் ஏறி ஓட்டுநர் அறையில் நின்றேன். எண்ணெய் வாசம் போய்விட்டது. ஆனால் நெம்புகோல் கைப்பிடியில் ஓரிடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கிறது, ஒரு தலைமுறையின் உள்ளங்கை பட்டு. அதைப் பிடித்தபடி நின்றிருந்தேன். பேரன் வந்து "தாத்தா, போகலாமா" என்று மூன்று தடவை கேட்டானாம்.

உள்ளே ஒரு பழைய ரயில் பெட்டி இருக்கிறது. ரயில் பாதை போட்ட காலத்தில் சாவோ என்ற இடத்தில் ஆட்களைத் தின்ற இரண்டு சிங்கங்களில் ஒன்று உள்ளே புகுந்து ஓர் அதிகாரியை ஜன்னல் வழியே இழுத்துப்போன பெட்டி. அந்த இரண்டு சிங்கங்களும் 135 தொழிலாளிகளைத் தின்றன.

பிப்ரவரி 13
மேலே எழுதியதில் இரண்டு பிழை. ஒருவர் நறுக்கென்று குட்டியிருக்கிறார், குட்டு நியாயமானது.

முதல் பிழை: அந்தப் பெட்டிச் சம்பவம் சாவோவில் நடந்ததில்லை. 1900-இல் கிமா என்ற நிலையத்தில், ரைல் என்ற போலீஸ் அதிகாரி ஆட்கொல்லிச் சிங்கத்தைச் சுடுவதற்காகப் பெட்டிக்குள் காத்திருந்தார். காத்திருந்தவர் தூங்கிவிட்டார், சிங்கம் தூங்கவில்லை. சாவோ சிங்கங்களை, அங்கே பாலம் கட்ட வந்த பாட்டர்சன் சுட்டுக் கொன்றது அதற்கு முன்பே, 1898 டிசம்பரில். இரண்டு கதையையும் ஒன்றாகக் குழைத்துவிட்டேன்.

இரண்டாவது பிழை: 135 என்பது பாட்டர்சன் பிற்காலத்தில் சொன்ன கணக்கு. 2009-இல் அந்தச் சிங்கங்களின் எலும்பையும் ரோமத்தையும் ஆராய்ந்தவர்கள் சுமார் 35 பேர்தான் இருக்கும் என்றார்கள். ஆராய்வதற்குச் சிங்கம் ஏது என்கிறீர்களா? இருபத்தைந்து வருடம் பாட்டர்சன் வீட்டில் தரை விரிப்பாகக் கிடந்துவிட்டு, 1924-இல் சிகாகோ அருங்காட்சியகத்துக்கு விலைபோயின. இன்றும் அங்கேதான் இருக்கின்றன.

சிங்கம் கொன்றவர்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அந்தப் பாதைக்காக இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, 32,000 பேரைக் கப்பலேற்றினார்கள். அவர்களில் ஏறக்குறைய 2,500 பேர் நோயிலும் விபத்திலும் செத்தார்கள். அவர்களை எந்த அருங்காட்சியகத்திலும் பஞ்சடைத்து வைக்கவில்லை.

பிப்ரவரி 13, இரவு
விசா பற்றிக் கேட்டவருக்கு: 2024 ஜனவரியிலிருந்து கென்யாவுக்கு விசா கிடையாது. அதற்குப் பதிலாக முன்கூட்டியே இணையத்தில் பயண அனுமதி வாங்க வேண்டும், 30 டாலர். பெயர்தான் மாறியது, பணம் கட்டுவது மாறவில்லை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படப் பத்து நாளைக்கு முன்பே போட்டுச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். கென்யாவிலிருந்து திரும்பும்போது கேட்பது நம் நாட்டு விமான நிலையத்தில்தான். இல்லையென்றால் தனிமைப்படுத்தி உட்கார வைத்துவிடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் நிறுவனத்தில் போடுகிறார்கள்.

பிளாஸ்டிக் பை கொண்டுபோகாதீர்கள். 2017 ஆகஸ்ட் 28 முதல் அங்கே தடை. நம் ஊர்த் தடைபோல் அல்ல, நிஜமான தடை: சட்டப்படி நான்கு வருடம்வரை சிறை உண்டு. மனைவி பருப்புப் பொடி, முறுக்கு, அப்பளம் எல்லாவற்றையும் கடைசி இரவில் பிரித்து டப்பாக்களிலும் மஞ்சள் பையிலும் மாற்றிக் கட்டினாள். சுங்கத்தில் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் தீரவில்லை.

பிப்ரவரி 17
மொம்பாசா. இதை நிதானமாக எழுத வேண்டும் என்று தள்ளிப்போட்டேன்.

டிசம்பர் 31 அன்று போனோம். 2017-இல் தொடங்கிய புது அகலப்பாதை ரயில், மடராகா எக்ஸ்பிரஸ். விரைவு வண்டி ஐந்து மணி நேரத்தில் சேர்த்துவிடுகிறது. நிலையம் நைரோபி நகருக்கு வெளியே சியோகிமாவில் இருக்கிறது. டிக்கெட்டோடு பாஸ்போர்ட் வேண்டும். பெட்டிகளை வரிசையாக வைத்துவிட்டு எல்லோரும் தள்ளி நிற்க, மோப்ப நாய் வந்து பார்க்கும். ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.

போகும்போது சாதாரண வகுப்புக்கு 1,000 ஷில்லிங். ஜனவரி 8 அன்று திரும்பும்போது அதே இருக்கைக்கு 1,500. புத்தாண்டு அன்று கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள். நாற்பது வருடம் பாஸில் பயணம் செய்த ரயில்வேக்காரனுக்கு டிக்கெட் வாங்குவதே வலி. அதில் இது வேறு.

வழியில் சாவோ. பாதையை உயரமான மண்கரைமேல் போட்டு, கீழே யானை நடக்க வழி விட்டிருக்கிறார்கள். ஜன்னலில் ஒன்பது யானை பார்த்தோம். செம்மண்ணில் புரண்டு, சுட்ட செங்கல் நிறத்தில் நின்றன. சஃபாரிக் காசு மிச்சம்.

மொம்பாசாவில் இறங்கியதும் வெயிலும் உப்புக் காற்றும் சேர்ந்து முகத்தில் அறைந்தபோது எனக்கு நாகப்பட்டினத்தில் இறங்கியது போல இருந்தது. தென்னை, மாமரம், காரை பெயர்ந்த சுவர்கள், பள்ளிவாசல் பாங்கு, எங்கிருந்தோ ஏலக்காய் வாசம். காலையில் மஹம்ரி என்று ஒன்று: ஏலக்காய் போட்ட மாவைப் பொரித்து, உள்ளே காற்று நிறைந்த முக்கோண அப்பம். அதற்குத் தொட்டுக்கொள்ள ம்பாஸி. மனைவி ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்து, "இது துவரை" என்றாள். ஆமாம், முழுத் துவரையைத் தேங்காய்ப் பாலில் வேகவைத்தது. நாம் துவரையைச் சாம்பாரைத் தாண்டி யோசிக்கவே இல்லை. அவள் இப்போது வாரம் ஒருமுறை செய்கிறாள். பச்சை மிளகாயை மட்டும் கூட்டிவிட்டாள்.

பிப்ரவரி 18
கோட்டையைச் சொல்ல மறந்துவிட்டேன். ஜீசஸ் கோட்டை, 1593-இல் போர்த்துகீசியர் கட்டத் தொடங்கியது. பவளப் பாறையிலேயே எழும்பிய சுவர்கள். தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்த்தவர்கள் அதைப் பத்து மடங்காகப் பெருக்கிக்கொள்ளுங்கள். 1696 மார்ச்சில் ஓமானியர் முற்றுகையிட்டார்கள். 1698 டிசம்பரில்தான் கோட்டை விழுந்தது. ஏறக்குறைய 33 மாதம்! உள்ளே இருந்தவர்களுக்கு உதவ வந்த ஒரு போர்த்துகீசியக் கப்பல் கோட்டைக்கு எதிரிலேயே 1697-இல் மூழ்கியது. அதிலிருந்து எடுத்த சாமான்களை உள்ளே வைத்திருக்கிறார்கள். கப்பல் கட்டியது எங்கே என்று பார்த்தால், மும்பைக்கு வடக்கே நம் வசாயில்.

எனக்குப் பிடித்தது வேறு. வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த போர்த்துகீசியச் சிப்பாய்களும் மாலுமிகளும் சுவரில் கப்பல் கப்பலாகக் கிறுக்கியிருக்கிறார்கள். பாய்மரக் கயிறுகளைக்கூட விடவில்லை. நானூறு வருடத்துக்கு முந்தைய சலிப்பு அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 20
நேரம் பற்றி ஓர் எச்சரிக்கை. இதில் நான் பட்ட அவமானம் பெரிது.

நைரோபியில் ஓடும் சிற்றுந்துக்கு மடாட்டு என்று பெயர். சுவாஹிலியில் 'டாட்டு' என்றால் மூன்று. பழைய காலத்து மூன்று காசுக் கட்டணத்தால் வந்த பெயர் என்று மகள் சொன்னாள். எனக்குத் தெரிந்த சுவாஹிலி எண் அது ஒன்றுதான். மொம்பாசாப் பழைய நகரத்தைச் சுற்றிக்காட்ட ஒரு பெரியவரிடம் பேசினோம். "நாளை, சா டாட்டு" என்றார். பெருமையாகத் தலையாட்டினேன். மூன்று மணி, சரி. சாப்பிட்டுத் தூங்கி எழுந்து மூன்று மணிக்குக் கோட்டை வாசலுக்குப் போனால், பெரியவர் காலை ஒன்பதுக்கு வந்து, பத்தரைவரை வெயிலில் நின்றுவிட்டுப் போய்விட்டாராம்.

சுவாஹிலிக் கணக்கில் பொழுது விடிந்ததிலிருந்து மணி ஓடும். காலை ஏழு என்றால் ஒன்று. ஒன்பது என்றால் மூன்று. நிலநடுக்கோட்டுப் பக்கம் வருடம் முழுவதும் சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உதிப்பதால் அவர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய பரம்பரையில் பிறந்துவிட்டு எனக்கு இது உறைக்கவில்லை. மறுநாள் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நள்ளிரவில் நாளைத் தொடங்குகிறீர்களே, அப்போது விழித்திருந்து பார்ப்பது யார்?" என்று கேட்டார். அப்புறம் பித்தளைக் கூஜாவில் கரி அடுப்போடு தூக்கிக்கொண்டு விற்பார்களே, அந்தக் கசப்புக் காப்பியை வாங்கிக் கொடுத்தார். இஞ்சி காரம், சர்க்கரை கிடையாது. கடித்துக்கொள்ள ஒரு துண்டு நிலக்கடலை மிட்டாய்.

மார்ச் 2
பணம். இளநீர்க்காரர்கூட எம்-பெசாதான் கேட்கிறார். 2007-இல் தொடங்கிய கைப்பேசிப் பணம். நாம் கையில் சில்லறையோடு நின்ற காலத்திலேயே அவர்கள் அங்கே போய்விட்டார்கள். இறங்கியதும் உள்ளூர் சிம் வாங்குங்கள். பெசா என்றால் பணம், நம் பைசாதான். கடைக்கு துகா, வண்டிக்கு காரி, சப்பாத்திக்கு சப்பாத்தி. கடல் வழியாக எது எது போயிருக்கிறது பாருங்கள்.

மார்ச் 9
ஒரு அம்மையார் கடுமையாகக் கேட்டிருக்கிறார்: நைரோபியில் ஐம்பது நாளில் பெரும்பகுதி மகள் வீட்டில் உட்கார்ந்து தின்றுவிட்டு, ஊருக்கு ஒரு நாள் போதும் என்று எப்படிச் சொன்னீர்கள்?

வலித்தது. யோசித்தேன். ஒரு நாள் என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். மூன்று நாள்.

நைரோபி அழகான ஊர் இல்லை. நடைபாதை திடீரென்று முடிந்து சாக்கடையில் இறங்கும். போக்குவரத்து நெரிசலில் வயது போகும். தெருவில் கைப்பேசியை வெளியே எடுக்காதே என்று மகள் தினமும் சொல்லி அனுப்புவாள். ஆனால் சாலையோர மரங்களின் உச்சியில் மராபு நாரைகள் நிற்கும் பாருங்கள். வழுக்கைத் தலை, கழுத்தில் தொங்கும் பை, கறுப்புக் கோட்டுபோல் சிறகு. நாலரை அடி உயரத்தில் ஓய்வுபெற்ற தாசில்தார்கள்போல் கீழே போகிற வண்டிகளை வெறுப்போடு பார்த்துக்கொண்டிருக்கும். மரத்தடியில் காரை நிறுத்துகிறவர் வெளியூர்க்காரர் என்று அர்த்தம்.

மடாட்டுவில் ஒருமுறையாவது ஏறுங்கள். வெளியே கால்பந்து வீரர்கள் படம், உள்ளே ஊதா விளக்கு, காது கிழியும் பாட்டு. மழை தூறினால் கட்டணம் ஏறும். வானிலை அறிக்கை தேவையில்லை, நடத்துனர் சொல்லும் தொகையே போதும்.

கரூரா காட்டை விடாதீர்கள். நகருக்குள்ளேயே இருக்கிறது. தொண்ணூறுகளில் அதைத் துண்டு போட்டுக் கட்டடம் கட்டப் பார்த்தபோது வங்காரி மாத்தாய் மரக்கன்றுகளோடு போய் நின்று அடி வாங்கினார். அதற்கு முன்பே, 1989-இல், ஊர் நடுவே உஹுரு பூங்காவில் 60 மாடி கட்ட இருந்ததையும் எதிர்த்து நிறுத்தியவர். 2004-இல் நோபல் வந்தது. மனைவிக்கு ஆப்பிரிக்காவிலேயே பிடித்த இடம் கரூரா. தினமும் காலையில் குரங்குகளுக்கு நடுவே நடந்தாள். ஸ்வெட்டரோடு, ஏனென்றால் ஊர் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீங்கள் போகும் ஜூனில் அங்கே குளிர்காலம்.

சிங்கம் கட்டாயம் வேண்டும் என்றால் மக்மில்லன் நூலக வாசலில் இரண்டு கல்சிங்கம் இருக்கின்றன. 1931-இல் திறந்தது. 1958 வரை வெள்ளையருக்கு மட்டும். அந்தச் சிங்கங்கள் யாரையும் தின்றதில்லை, வாசலிலேயே நிறுத்தியதோடு சரி.

மார்ச் 10
உயிருள்ள சிங்கமும் ஊருக்குள் உண்டு என்று நான்கு பேர் எழுதிவிட்டீர்கள். தெரியும் ஐயா. நைரோபி தேசியப் பூங்கா, 117 சதுர கிலோமீட்டர், நகர மையத்திலிருந்து ஏழு கிலோமீட்டர்தான். பின்னால் அடுக்குமாடி, முன்னால் ஒட்டகச்சிவிங்கி என்று படம் எடுப்பார்கள். மருமகன் அழைத்தார், நான்தான் போகவில்லை. அன்றைக்குக் கார்ரட் இன்ஜினை இரண்டாம் தடவை பார்க்கப் போய்விட்டேன்.

மார்ச் 24
மகிந்து பற்றித் தனியாக எழுத வேண்டும். நைரோபி–மொம்பாசா சாலையில் நடுவழியில் ஒரு குருத்வாரா. ரயில் பாதை போட வந்த சீக்கியர்கள் வழிபட்ட இடத்தில் 1926-இல் கட்டியது. எந்த மதத்தவரும், எந்த நேரமும் நுழையலாம். சாப்பாடு, தேநீர், படுக்க இடம், எதற்கும் காசு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகன் காரில் அழைத்துப்போனார். எங்கள் வரிசையில் இரண்டு லாரி ஓட்டுநர்கள், ஒரு மசாய்க் குடும்பம், குஜராத்திப் பாட்டி ஒருவர். தட்டில் பருப்பு, ரொட்டி, பாயசம். பாட்டி நாலாம் தலைமுறையாம், இந்தியாவைப் பார்த்ததே இல்லையாம். "நாங்கள் 44-ஆவது இனம், தெரியுமா?" என்றார். 2017-இல் இந்திய வம்சாவளியினரை நாட்டின் 44-ஆவது இனக்குழுவாக அரசு அறிவித்ததைச் சொல்கிறார். வயது எண்பதுக்கு மேல் இருக்கும். பிறந்த ஊரில் அவரைச் சேர்த்துக்கொள்ள அத்தனை நாள் ஆகியிருக்கிறது.

ஏப்ரல் 6
கிசுமு போகலாமா என்று கேட்டவருக்கு: போகலாம், இரண்டு நாள் போதும். விக்டோரியா ஏரிக்கரையில் முழு மீனைப் பொரித்துத் தட்டில் வைத்து, பக்கத்தில் உகாலி. வெள்ளைச் சோள மாவில் கிண்டிய களி. கேப்பைக் களி உருட்டத் தெரிந்த கைக்குப் பயிற்சி தேவையில்லை. கை கழுவ வெந்நீர்க் கெண்டியும் கிண்ணமும் மேசைக்கே வரும். ஏரியில் ஒரு பக்கம் பச்சைப் போர்வை. கிட்டப் போய்ப் பார்த்தால் நம் ஆகாயத்தாமரை! எங்கள் ஊர்க் குளத்தைக் கொன்ற அதே செடி.

1901 டிசம்பர் 20 அன்று பாதையின் கடைசி ஆணியை அடித்தது இந்த ஊரில்தான். நைரோபியிலிருந்து பழைய மீட்டர் கேஜில் பயணி ரயிலை 2021-இல் மறுபடி ஓடவிட்டார்கள் என்று எனக்கு முன்பே தெரியாமல் காரில் போய்த் தொலைந்தேன். இதை மகள் காதில் போடாதீர்கள், இன்னொரு தடவை போகக் காரணம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 30
நைரோபியில் பெருவெள்ளம். மதாரே ஆற்றோரக் குடிசைகள் போய்விட்டன. மகள் வீடு மேட்டில் இருக்கிறது. அவர்கள் வீட்டில் வேலை செய்யும் பெண் மூன்று நாளாக வரவில்லை, கைப்பேசியும் ஒலிக்கவில்லை. கேள்வி கேட்ட தம்பி, ஜூன் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

மே 3
அந்தப் பெண் வந்துவிட்டாள். பிள்ளைகளும் பத்திரம். தையல் இயந்திரம் மட்டும் போய்விட்டது.

செப்டம்பர் 1
தம்பி ஆகஸ்டில் போய் வந்துவிட்டார். நைரோபி மூன்று நாள், மொம்பாசா ஐந்து நாள், மகிந்துவில் ஒரு வேளைச் சாப்பாடு. எழுதியிருக்கிறார். கோட்டை வாசலில் ஒரு வழிகாட்டியிடம் பேசி, அவர் "சா டாட்டு" என்றதும், இங்கே படித்ததை நம்பி மறுநாள் காலை ஒன்பதுக்குப் போய் நின்றிருக்கிறார். வழிகாட்டி வரவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் மூன்று மணி என்றுதான் புரிந்துகொள்வார்கள் என்று அனுபவத்தில் கற்றுக்கொண்டு, சரியாகப் பிற்பகல் மூன்றுக்கு வந்தாராம்.

அவர் நான் காக்க வைத்த பெரியவராக இருக்குமோ என்று ஒரு சந்தேகம். தலையில் வெள்ளைக் குல்லாய், வலது கையில் கறுப்புப் பட்டைக் கடிகாரம். தம்பி, அதே ஆளா?